கிடாக்குட்டி எங்கே போகும்?

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பம் ஒன்று விலங்குகளை வளர்த்து அவற்றால் பொருள் ஈட்டலாமா? மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெயரன் இவ்வினாவை எழுப்பியபோது, விடை மிக எளிது என்றே நாங்கள் எண்ணினோம். இறைச்சிக்காக வளர்ப்பது கூடாது. பாலுக்காகவோ உரோமத்துக்காகவோ எருவுக்காகவோ வளர்ப்பதில் குற்றமில்லை. நம் முன்னோர் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள். தொழுவத்தில் மாடு இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. ஆகவே இதில் ஐயம் கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டோம். அந்த விடை எத்துணை அரைகுறையானது என்பதை எங்களுக்கு உணர்த்தியவை சில செம்மறியாடுகள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொல்லிவிட்டு, எழுபது வயதுக்கு மேல் ஆடுகளிடம் பாடம் கேட்ட கதையை நம் குடும்பத்தார் முன் வைக்க விரும்புகிறோம்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பெயரன் ஒரகடத்தில் ஊர்தி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறான். அவனுக்குத் துணையாக வண்டலூர் – வாலாசாபாத் சாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் குடியேறினோம். வீட்டின் பின்புறம் ஐம்பது சென்ட் நிலம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு மகிழுந்து உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம்-வடகால் என்று தொழிற்பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த வட்டாரம் இது. ஆடு மாடுகள் மேய்ந்த வெளிகள் பல இன்று சுற்றுச்சுவர்களுக்குள் இருக்கின்றன. சுவருக்கும் சாலைக்கும் இடையில் எஞ்சிய புல்லை நம்பி இன்னும் சிலர் ஆடு மேய்க்கிறார்கள். சரக்குப் பெட்டிகளை ஏற்றிய நெடிய லாரிகள் விரையும் ஆறுவழிச் சாலையின் ஓரத்தில், கையில் கோலுடன் ஒரு முதியவர் தம் மந்தையைக் கடத்திச் செல்வது இங்கு அன்றாடக் காட்சி.

பெயரன் ஒருநாள் இரவுப் பணி முடிந்து வந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். நீண்ட கழுத்தும் பஞ்சுப்பொதி போன்ற உடலும் உடைய ஒரு விலங்கு. "பாட்டி, இதன் பெயர் அல்பாக்கா. இதைக் கொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை உரோமத்தைக் கத்தரித்தால் போதும். நம்மைப் போன்றவர்களுக்கென்றே பிறந்த விலங்கு இது" என்றான்.

அல்பாக்கா என்ற சொல் எங்களுக்குப் புதிதன்று. எங்கள் பாட்டனாரிடம் கருப்பு அல்பாக்கா கோட்டு ஒன்று இருந்தது. அந்நாளில் வழக்கறிஞர்களும் தலைமையாசிரியர்களும் அணிந்த உடை அது. பாட்டனார் திருமணங்களுக்கும் கல்வி அதிகாரி பள்ளிக்கு வரும் நாளுக்கும் மட்டுமே அதனை எடுப்பார். இரவில் உண்ணாதவர், வடிகட்டாத நீரைப் பருகாதவர், நடக்கும்போது எறும்புக்கு வழிவிட்டு நடந்தவர். அவரும் அந்தக் கோட்டு எந்த உயிரின் மேலிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அது ஏதோ ஒரு துணியின் பெயர் என்றே எண்ணியிருந்தோம்.

பெயரனுடன் சேர்ந்து படித்தபோதுதான் அதன் வரலாறு தெரிந்தது. அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், விக்குன்யா என்னும் காட்டு விலங்கிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் பழக்கி எடுத்த இனம். இன்றும் உலகத்து அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெரு நாட்டில்தான் வாழ்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் டைட்டஸ் சால்ட் என்னும் ஆலை முதலாளி அதன் உரோமத்தை நெய்து பெரும்பொருள் ஈட்டினார். அவ்வகைத் துணியே கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. இவ்விலங்கு தனித்து வாழாது. துணையின்றி வைத்தால் நலிந்துபோகும். பதினொரு மாதத்துக்கு மேல் கருவைச் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். மந்தை முழுவதும் ஒரே இடத்தில் சாணமிட்டு, மேயும் இடத்தைத் தூய்மையாக வைத்திருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும்.

படிக்கப் படிக்க அதன்மேல் அன்பு பெருகியது. அதனால்தான் அதனை இங்குக் கொண்டுவரும் எண்ணத்தைக் கைவிட்டோம். குளிர்ந்த, வறண்ட உயர்மலையில் வாழ்வதற்கு அமைந்த உடல் அது. அந்தக் கம்பளிப் போர்வையுடன் அதனைச் சித்திரை வெயிலில் ஒரகடத்துப் புழுக்கத்தில் நிறுத்துவது எவ்வகை அன்பு? வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விலங்கைக் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதையும் பெயரன் கண்டறிந்தான். ஆனால் சட்டத்துக்கு முன்பே வெயில் எங்களுக்கு விடை சொல்லிவிட்டது.

இவ்வளவில் நின்றிருக்கலாம். பெயரன் நிற்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு உழவர்களுக்குக் கால்நடை வளர்ப்பில் பயிற்சி அளிக்கிறார்கள். நாங்களும் உடன் சென்றோம். கம்பளி தரும் ஆட்டினங்களுக்கு நம் மாநிலத்தில் நீலகிரியும் கொடைக்கானல் மலையும் ஏற்ற இடங்கள் என்றும், எங்கள் மண்ணுக்கு உரியது மெட்ராஸ் சிவப்பு என்னும் செம்மறி இனம் என்றும் சொன்னார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களின் சொந்த ஆடு அது. செம்பழுப்பு நிறம், சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளை. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெண்ணாட்டுக்குக் கொம்பில்லை. உடலில் குட்டை மயிரே உண்டு. கத்தரிக்கக் கம்பளி கிடையாது.

பாலும் கம்பளியும் தராத ஆட்டைப் பெரும்பாலோர் எதற்காக வளர்க்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். எனினும் பெயரன் ஒரு வழி கூறினான். அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவது பழைய வழக்கம். ஓர் இரவு மந்தையை வயலில் அடைத்தால் அதன் புழுக்கையும் நீரும் மண்ணுக்கு உரமாகும். நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். "எருவுக்காக மட்டும் வளர்ப்போம். எந்த ஆட்டையும் கொல்ல மாட்டோம்" என்றான். எங்களுக்கும் அது சரியெனப் பட்டது. அந்தத் தை மாதத்தில் ஐந்து பெண்ணாடுகளை வாங்கினோம். அவற்றுள் மூன்று சினையாக இருந்தன.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்ற காலத்தில், பாடக்குறிப்பு எழுதும் முறையைக் கற்பித்த ஆசிரியை ஒருவர், "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுங்கள்" என்று ஓயாது சொல்வார். அவ்வாறே நாங்கள் முதலில் எழுதிய பாடக்குறிப்புகளுள் ஒன்று வீட்டு விலங்குகளைப் பற்றியது. அட்டைப்படத்தை மாட்டி, கரும்பலகையில் "ஆட்டின் பயன்கள்" என்று தலைப்பிட்டு, பால், இறைச்சி, தோல், உரோமம், எரு என வரிசையாக எழுதுவோம். பிள்ளைகள் அதனை ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் "ஆட்டின் தேவைகள்" என்று தலைப்பிட்டு நாங்கள் பாடம் நடத்தியதில்லை. தெரிந்தது என்று நாங்கள் எண்ணியிருந்த அந்தப் பாடமே உண்மையில் தெரியாத பாடம்.

ஆடுகள் அதனை மெல்ல மெல்லக் கற்பித்தன. செம்மறிக்கு முதல் தேவை மற்றொரு செம்மறி. ஒன்றை மட்டும் பிரித்து நிறுத்தினால் அது தீனியைத் தொடாது, கத்திக்கொண்டே இருக்கும். காலையிலும் மாலையிலும் மேய்ந்து, நண்பகலில் நிழலில் படுத்து அசைபோடும். அப்போது அதனை எழுப்புவது குழந்தையின் உறக்கத்தைக் கலைப்பதற்கு ஒப்பாகும். ஈன்ற தாய் முதற்சில மணி நேரத்துக்குள் தன் குட்டியின் மணத்தை அறிந்துகொள்கிறது. அதன்பின் வேறு குட்டியை மடியண்டை விடாது. செம்மறியை மந்தபுத்திக்கு உவமையாகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் 2001ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஆடு ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டாண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கிறது. பள்ளி திறந்த முதல் மாதத்தில் ஐம்பது பிள்ளைகளின் முகமும் பெயரும் மனத்தில் பதிய நாங்கள் பட்ட பாட்டை எண்ணியபோது, அவ்வுவமையை இனிப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தோம்.

முதல் அறச்சிக்கல் மழைக்காலத்தில் வந்தது. ஆடுகள் இளைத்தன; கழிச்சல் கண்டது. குடற்புழு என்றார் கால்நடை மருத்துவர். மருந்து கொடுக்கச் சொன்னார். ஆடு ஐந்து பொறிகளை உடைய உயிர். புழு இரண்டு பொறிகளை உடையது. ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிப்பதற்கு எங்கள் கையாலேயே மருந்தை ஊற்ற வேண்டும். எங்கள் தயக்கத்தைக் கண்ட மருத்துவர் நகைக்கவில்லை. "தொழுவத்தை ஈரமின்றி வையுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து மேய விடாதீர்கள். மருந்துக்கான தேவை குறையும்" என்றார். அன்று மருந்து கொடுத்தோம். அதன்பின் தொழுவத்தை நாள்தோறும் உலர வைத்தோம். புழு பெருகாமல் பார்த்துக்கொள்வது ஆட்டுக்கும் நன்மை, புழுவுக்கும் நன்மை என்பதை உணர்ந்தோம். இல்லறத்தாருக்கு இம்சையை முற்றும் நீக்குதல் இயலாது என்பதனாலேயே நம் பெரியோர் அதனைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தார்கள். மனமறிந்து செய்யும் சங்கற்ப இம்சையை அறவே விலக்கச் சொல்லி, மற்றவற்றை இயன்றமட்டும் குறைக்கச் சொன்னார்கள். இவ்வளவு காலம் மனப்பாடமாக இருந்த இப்பகுப்பு, கையில் மருந்துப் புட்டியுடன் நின்றபோதுதான் பொருள்பட்டது.

இரண்டாவது சிக்கல் பெரிது. சினையாடுகள் மூன்றும் ஈன்றன. ஒன்று பெண்குட்டி, இரண்டு கிடாக்குட்டிகள். வீடே விழாக்கோலம் பூண்டது. அந்த மகிழ்ச்சியில் கணக்குப் பார்க்க மறந்தோம். நான்கு மாதம் கழித்துத் தீவனச் செலவு கிடைக்கூலியைப் போல் மூன்று மடங்கானபோதுதான் தாளும் எழுதுகோலும் எடுத்தோம்.

அக்கணக்கை இங்குத் தருகிறோம். ஐந்து பெண்ணாடுகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் என்று கொள்க. பிறப்பவற்றில் பாதி பெண், பெண்குட்டி இரண்டாண்டு கழித்துத் தாயாகும், எதுவும் இறக்கவில்லை. அவ்வாறாயின் ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 46 ஆடுகள் இருக்கும். அவற்றுள் 20 கிடாக்கள். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோ பசுந்தீவனம் என்றால் 46 ஆடுகளுக்கு 138 கிலோ வேண்டும். எங்கள் ஐம்பது சென்ட் நிலம் அதில் சிறு பங்கையும் தராது. இது நான்காம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. ஆசிரியர் இருவர் உள்ள வீட்டில் ஆடு வாங்குவதற்கு முன் யாரும் அதனைப் போட்டுப் பார்க்கவில்லை.

அப்போது தரகர் ஒருவர் வந்தார். கிடாக்குட்டிகளின் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒன்றுக்கு 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். "எதற்காக வாங்குகிறார்கள்?" என்று கேட்டோம். எங்கள் நெற்றியையும் வீட்டு வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "வளர்ப்புக்குத்தான் கேக்கறாங்க, டீச்சரம்மா" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாளே இருந்தது. அவர் சொன்னது உண்மையன்று என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்கள் மனம் புண்படாமலிருக்க அவர் அந்தப் பொய்யை ஒரு மரியாதையாகக் கொடுத்தார். நாங்களும் அதனை நன்றியோடு பெற்றுக்கொண்டோம். ஒரு குட்டியைக் கொடுத்தோம்.

அந்தத் தாயாடு மூன்று நாள் கத்தியது. வேலியோரமாக அது போன திசையைப் பார்த்தே நின்றது.

தீவினையைத் தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்றாகச் சொல்வது நம் நெறி. இவற்றை எத்தனையோ முறை மேடையில் விளக்கியிருக்கிறோம். நாங்கள் கத்தியைத் தொடவில்லை. வெட்டச் சொல்லவும் இல்லை. ஆனால் உடன்பாடு என்பது வாயால் "ஆம்" என்பது மட்டுமா? கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வியைக் கேளாமல் விடுவதும் உடன்பாடே. "வளர்ப்பவர் யார், எந்த ஊர்?" என்று கேட்டிருந்தால் அன்றே விற்பனை நின்றிருக்கும். பாட்டனார் தம் கோட்டைப் பற்றிக் கேளாதிருந்தது அறியாமை. நாங்கள் குட்டியைப் பற்றிக் கேளாதிருந்தது அறியாமையன்று.

இரண்டாவது கிடாக்குட்டியையும் கேட்டுத் தரகர் மறுவாரம் வந்தபோது பெயரன் தடுத்தான். அவன் சொன்ன காரணம் எந்த நூலிலும் இல்லாதது. முன்பு அவன் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஓரிடத்தில் உற்பத்தி குறைந்தபோது, தேவைக்கு மிஞ்சியவர்கள் என்று ஒரு பட்டியலை ஒட்டினார்களாம். "அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது, பாட்டி. இந்தக் குட்டியையும் நாம் அந்தப் பட்டியலில் எழுதுகிறோம்" என்றான். அதற்குமேல் வாதிட எங்களிடம் சொல் இல்லை.

எனினும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் போதுமா? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் அகிம்சை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கால்நடை வளர்ப்போருக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது அப்பட்டியல். குட்டி வளர்ந்து கிடாவானால் மந்தையில் சினைகள் பெருகும். பெருகினால் எல்லாவற்றுக்கும் தீவனம் போதாது. அது உணவு மறுத்தலில் முடியும். காயடித்தால் பெருக்கம் நிற்கும். அது உறுப்பைச் சிதைத்தல். கயிற்றால் பிணைத்தால் அது கட்டிவைத்தல். எந்த வழியில் சென்றாலும் ஐந்தில் ஒன்று குறுக்கே நின்றது. சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய யோகசாத்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் விலங்குகளை விற்பதும், மூக்குக் குத்துதல், சூடிடுதல், காயடித்தல் ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. இவ்வளவு நுணுக்கமாக அவர்கள் சிந்தித்ததன் காரணம் இப்போது விளங்கிற்று. தொழுவம் இருக்கும் இடத்தில் இக்கேள்விகள் தாமே எழும்.

பல நாள் ஆராய்ந்து, தீங்கு குறைந்தது எது என்று தேர்ந்தோம். கிடாவுக்குத் தனியே, கயிறில்லாமல் உலவுமாறு விசாலமான அடைப்பு ஒன்று அமைத்தோம். கம்பி வேலிக்கு அப்பால் தாயின் முகமும் மந்தையும் அதற்குத் தெரியும். ஆயினும் அது தனிமையில் வாடியது. எங்கள் பகுதியில் ஆடு மேய்க்கும் பெரியவரின் மந்தையில், சாலையைக் கடக்கும்போது இருசக்கர வண்டி மோதிக் கால் ஊனமான கிடாக்குட்டி ஒன்று இருந்தது. அதனை வாங்கித் துணையாக விட்டோம். இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. விற்ற குட்டிக்கு இது ஈடாகாது என்பதை அறிவோம். இன்று எங்களிடம் பெண்ணாடுகள் ஆறு, கிடாக்கள் இரண்டு, ஆக எட்டு ஆடுகள். ஒன்பதாவது ஆடு எங்கள் தொழுவத்தில் பிறக்காது.

ஒரு செய்தி எங்களுக்கு வியப்பளித்தது. பாலுக்கென வளர்க்கும் இடத்தில் ஆண் பயனற்றது. எருவுக்கென வளர்க்கும் இடத்தில் அவ்வாறன்று. கிடாவும் பெண்ணாடும் ஒன்றுபோலவே மண்ணுக்கு உரமளிக்கின்றன. அல்பாக்கா ஆணும் பெண்ணைப் போலவே உரோமம் தருகிறது. ஆகவே பெயரனின் முதல் எண்ணத்தில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது முழு உண்மையன்று. பெரு நாட்டில் அல்பாக்காவின் இறைச்சியையும் உண்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பண்ணை ஒன்றில், விரைந்து கத்தரிப்பதற்காக அவற்றின் கால்களைக் கட்டி இழுத்துப் பிடித்து, உடலில் வெட்டுக்காயம் உண்டாக்கிய காட்சிகள் வெளியாகி உலகைத் திடுக்கிட வைத்தன. உயிரை வாங்காமல் பொருளை மட்டும் பெறும் தொழிலும், அவசரமும் பேராசையும் புகுந்தால் அதிசாரங்களின் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது.

ஆடு மேய்க்கும் பெரியவரிடம் ஒருநாள் எங்கள் கதையைச் சொன்னோம். அவர் தம் கிடாக்களை விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறார். "நீங்க பாவம் பாக்கறீங்கம்மா. நான் அடுப்பைப் பாக்கறேன்" என்றார். அவரைக் குறைகூற எங்களுக்கு வாய் எழவில்லை. மார்கழிக் குளிரில் ஈன்ற குட்டியைத் தம் போர்வைக்குள் வைத்து விடியும்வரை விழித்திருப்பவர் அவர். எங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. அதனால் எட்டு ஆடுகளை வருவாயின்றி வைத்திருக்க முடிகிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அறம் பேசினால் அது செருக்காகும்.

இனி, ஆடு வளர்க்காத நம் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காலையில் நாம் அருந்தும் காப்பியில் இருக்கிறது. கோயிலில் திருமேனிக்கு ஆட்டும் பாலில் இருக்கிறது. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். பிறக்கும் கன்றுகளில் பாதி காளைக்கன்று. நம் பாட்டனார் காலத்தில் அந்தக் காளைக்கு ஏரும் வண்டியும் கமலையும் காத்திருந்தன. பால் தந்த தாயும் உழுத மகனும் ஒரே தொழுவத்தில் நின்றன. பின்னர் உழவு எந்திரமும் நீரேற்றும் மின்பொறியும் வந்தன. 1970ஆம் ஆண்டு வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1998 முதல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நம் நாடு. பால் பெருகிற்று, காளையின் வேலை போயிற்று. அந்தக் காளைக்கன்று எங்கே போகிறது என்று பால் உறையைப் பிரிக்கும் நாம் கேட்பதில்லை. பாட்டனாரின் அல்பாக்கா கோட்டைப் போலவே அதுவும் எங்கிருந்தோ வருகிறது என்று இருந்துவிடுகிறோம்.

பாலை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. நாங்கள் இன்னும் பால் அருந்துகிறோம். அதன் அளவைக் குறைத்திருக்கிறோம். அடுத்த தெருவில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரு காளைக்கன்றின் தீவனச் செலவை ஏற்றிருக்கிறோம். அவ்வளவே. நம்முள் இளைஞர் சிலர் பாலை அறவே துறந்திருக்கிறார்கள். அவர்களை நாகரிக மோகத்தினர் என்று ஒதுக்கும் பெரியவர்கள், அவர்கள் எழுப்பும் கேள்விக்கு முதலில் விடை சொல்லட்டும். முதிர்ந்த, வறண்ட மாடுகளைப் பேணும் பிஞ்சரப்போல் சென்னையில் அயனாவரத்தில் உள்ளது. இத்தகைய இல்லங்களுக்குத் திருநாளில் ஒருமுறை கொடுப்பதோடு நில்லாமல், நாம் வாங்கும் பாலுக்கு ஏற்ப மாதந்தோறும் கொடுப்பது முறையாகும். உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயதானத்துக்கு நம் வீட்டுக் கணக்கில் தனியே ஒரு வரி இருக்கட்டும்.

கால்நடைப் பண்ணை தொடங்க எண்ணும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். விலங்கை வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதுங்கள். ஐந்து ஆண்டுகளில் இவை எத்தனையாகும்? பயன் தராத ஆணும் முதிர்ந்த பெண்ணும் எங்கே போகும்? நான் நோயுற்றால் இவற்றுக்கு யார் தண்ணீர் வைப்பார்கள்? மூன்றுக்கும் விடை இருந்தால் தொடங்குங்கள். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் தொடங்காதீர்கள். ஓர் உயிரின் பயனை மட்டும் நாம் விலைக்கு வாங்க இயலாது. அதன் பிறப்பும் முதுமையும் சாவும் சேர்ந்தே நம் வீட்டுக்குள் வருகின்றன. அவற்றை ஏற்க இயலாதவன் அப்பயனை விரும்பாதிருப்பதே அகிம்சை.

எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் ஆடுகளின் கணக்கை முதலில் "தொழில்" என்ற தலைப்பின்கீழ் எழுதிவந்தோம். சென்ற சித்திரையில் பெயரன் அத்தலைப்பை அடித்துவிட்டுத் "தானம்" என்று எழுதினான். வரவுப் பத்தியில் விற்ற குட்டியின் 4,000 ரூபாய் இன்னும் இருக்கிறது. அதனை மட்டும் அடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம்.